முதுகு காட்டிய பத்து விநாடி

"சும்மா சொல்லாதீங்கக்கா. அந்தம்மா இவங்க இல்ல. குரலே வேற."

செல்வி இதைச் சொன்னபோது அவள் கையில் பாதி உரித்த பூண்டு இருந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. அதன் சமையலறையில் நாங்கள் மூன்று பேர். செல்வி அந்த வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவள், அதே ஊர்க்காரி. நான் வந்துபோகிற சிநேகிதி. ஸ்டூலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள், ஒரு காலத்தில் ஹாலிவுட்டில் பெரிய நடிகை.

அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நிம்மதியாக நடமாடத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். நோரா என்று வைத்துக்கொள்வோம். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில். தமிழாக்கி எழுதுவது நான். இத்தனை வருஷம் எனக்கு அதுதானே பிழைப்பு.

ஐந்து மாதமாகச் செல்வி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள். தான் சமைத்துப் போடுவது யாருக்கு என்று தெரியாது. அன்றைக்குத்தான் நோராவே, "அவளிடம் சொல்லிவிடுங்கள், பரவாயில்லை" என்றார். சொன்னேன். செல்வி நம்பவில்லை. நோராவின் படம் ஒன்றை அவள் சின்ன வயதில் டிவியில் பலமுறை பார்த்திருக்கிறாள். முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மூக்கு மட்டும் அதே மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். குரலில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலை எடுத்தேன். "யாரு சொன்னது, நான் அவ இல்லேன்னு?"

பூண்டு கீழே விழுந்தது. செல்வி என்னைப் பார்த்தாள், நோராவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "அய்யோ ரஷீதாக்கா, நீங்களா அது!"

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேராக நோராவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "'தூங்குடி கண்ணு. எழுந்து அம்மாவைத் தேடாத. அம்மா மேலதான் தப்பு.' அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தினி வாட்டி பாத்துகிறேன் தெரியுமா? எங்கம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனப்ப நானும் தூங்கினுதான் இருந்தேன். எங்கம்மா எதுவும் சொல்லல. நீங்க சொன்னீங்கம்மா."

நோரா பதறிப்போய் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

கீழே கிடந்த பூண்டைக் குனிந்து எடுத்தேன். "உங்கள் நடிப்பு ரொம்பப் பிடிக்குமாம்" என்றேன்.

"இவ்வளவு நீளமாகவா?"

"தமிழ் கொஞ்சம் நீளம்" என்றேன்.

செல்வி சொன்ன அந்த வசனத்தை நோரா தன் வாழ்நாளில் சொன்னதே கிடையாது. அவருடைய வாயில் அதைப் போட்டவள் நான்.

முத்தத்துக்கும் சத்தம் வேண்டும்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இதே திருவண்ணாமலையில் தேரடித் தெருவில் தகரப் பெட்டிக் கடை வைத்திருந்த அத்தா, என்னைச் சென்னை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு டப்பிங் தியேட்டரில் எலெக்ட்ரீஷியன். ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உள்ளே ஏதோ பூகம்பப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அலற ஒரு பெண் குரல் குறைந்தது. அலறத் தெரியுமா என்று கேட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அலறாமலா இருப்பேன்?

திரையில் படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்த அந்தச் சின்னப் பெண்தான் நோரா. அவருக்கு அது முதல் படம், எனக்கும் முதல் படம். இரண்டு பேருக்கும் வசனம் கிடையாது. கேட்டுவிட்டு சவுண்டு இன்ஜினியர், "இந்தக் குரல் அந்தப் பொண்ணுக்கு ஒட்டுதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் வாழ்க்கை ஓடிவிட்டது.

அடுத்தடுத்து அவர் கதாநாயகியின் தோழியானார், பிறகு கதாநாயகி. பத்து வருஷம் போல ஒரே ஓட்டம். அவர் விமானம் ஓட்டினார், துப்பாக்கி சுட்டார், கடலில் குதித்தார். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன இருட்டறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று நானும் அதையெல்லாம் செய்தேன். முத்தம் கொடுத்தால்கூட நாங்கள்தான் சத்தம் கொடுக்க வேண்டும். புறங்கையில் கொடுத்துக்கொள்வோம். இது கடைசிவரை அத்தாவுக்குத் தெரியாது.

நாற்பது தாண்டியதும் அவருக்கு வளர்ந்த பிள்ளைகளின் அம்மா வேஷம்தான் வந்தது. ஒரு படத்தில் அவருக்கு மகனாக நடித்தவர் அவரைவிட எட்டு வயதுதான் சின்னவர். பார்த்துக்கொண்டே இருக்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு நீதிபதி. "ஆட்சேபணை மறுக்கப்படுகிறது", அவ்வளவுதான் வசனம். கடைசியாக வந்த படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். அதற்கும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு போய் நாலு மூச்சு விட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் படம் வரவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார், மகள் நஸ்ரினுக்கு இங்கே கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது, வேங்கிக்காலில் வீடு பார்த்துக்கொண்டு நாங்களும் ஊர் திரும்பினோம்.

மருந்துக் கடையில்

எங்கள் தொழிலில் நடிகையின் கண்ணைப் பார்க்கக் கூடாது. கண்ணைப் பார்த்தால் கதைக்குள் போய்விடுவோம், உதடு தவறிவிடும். உதட்டையும் தொண்டைக் குழியையும் மட்டும் பார்க்க வேண்டும். எப்போது மூச்சு இழுக்கிறார் என்று தெரிந்தால்தான் எப்போது பேச ஆரம்பிப்பார் என்று தெரியும். நோரா மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்து, அரை நொடி நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

போன வருஷம் செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒட்ட வெட்டிய நரை முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள். இந்த ஊரில் வெள்ளைக்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த மூச்சு கேட்டது. அரை நொடி. முட்டி வலிக்குத் தைலம் கேட்டார். அவர் கேட்கும்போதே என் உதடும் கூடவே அசைந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்து, "என்னைக் கேலி செய்கிறீர்களா?" என்றார்.

உங்கள் தமிழ்க் குரல் நான்தான் என்பதை என் ஓட்டை இங்கிலீஷில் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு நாளாவது சந்தித்துக்கொள்கிறோம். "உன் வெள்ளைக்கார சக்களத்தி எப்படி இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

பேச மாட்டேன் என்றவர்

செல்வி அழுத அந்தப் படத்துக்கு வருகிறேன். அதில் நோரா ஒரு ஏழைத் தாய். பிழைப்புக்காக வேறு ஊர் போகிறாள். விடிகாலையில், தூங்குகிற மகளின் கட்டிலருகே வந்து நிற்கிறாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறாள்.

அந்த இடத்தில் டைரக்டர் ஒரு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தாராம். நோரா பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் படப்பிடிப்பு நின்றது. கடைசியில் ஒரு வார்த்தை இல்லாமல் எடுத்தார்கள். அந்த மௌனத்துக்குத்தான் அவருக்கு விருது கொடுத்தார்கள், பத்திரிகைகள் அதைப் பற்றித்தான் எழுதின. பழக ஆரம்பித்த புதிதில், மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்தபடி அவரே எனக்கு இதைச் சொன்னார். "இத்தனை படத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பத்து விநாடியைத்தான்" என்றார்.

நான் டம்ளரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களைப் பேசவைக்கிற டப்பிங் இன்சார்ஜுக்கு ஒரு கொள்கை உண்டு. முதுகு கிடைத்தால் விடக் கூடாது. உதடு தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம். கதை புரியாதவர்களுக்குக் கதை சொல்லலாம், விட்டுப்போன வசனத்தை நுழைக்கலாம். அந்தக் காட்சி வந்ததும் அவர் துள்ளிக் குதித்தார். "இவ்ளோ நேரம் சும்மா உட்டா, சவுண்டு போயிடுச்சுன்னு ஆபரேட்டரைத் திட்டுவாங்க. ஏதாவது பேசும்மா. பத்து செகண்டு இருக்கு."

பேப்பரில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அன்று காலைதான் நான் திருவண்ணாமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். டப்பிங் வேலை நேரங்கெட்ட நேரத்தில் இருக்கும் என்பதால் நஸ்ரினை அங்கே என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அப்போது அவளுக்கு நாலு வயது. முழித்தால் விட மாட்டாள் என்று தூங்கும்போதே கிளம்பி வந்துவிட்டேன். விளக்கு அணைந்தது, திரையில் நோரா திரும்பி நின்றார். என் வாயிலிருந்து அது வந்தது. தூங்குடி கண்ணு. எழுந்து அம்மாவைத் தேடாத. அம்மா மேலதான் தப்பு.

ஒரே டேக். இன்சார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் இங்கே ஓடு ஓடு என்று ஓடியது.

டீ ஆறிப்போனது

சமையலறையில் நான் சொன்ன பொய் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. "செல்வி அழுத படத்தை உங்கள் குரலில் பார்க்க வேண்டும்" என்றார் நோரா. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொல்லிவிட்டார்.

"வேற படத்தைப் போட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர். "அந்த ஏரோப்ளேன் படம். அதுல நீயும் நல்லா கத்தியிருப்ப."

அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வயதில் கிடைத்த சிநேகிதம், அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நான் எத்தனை படத்தில் பேசியிருந்தாலும் ஒரு படத்திலும் என் பெயர் வந்ததில்லை. நான் செய்தது வேலைதான் என்று மதித்த முதல் ஆள் நோரா. அவர் தன் உயிராக நினைக்கிற இடத்தில் நான் கைவைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஆனால் செல்வி இனி சும்மா இருக்க மாட்டாள், தினமும் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் வெங்காயம் நறுக்குவாள். வேறு யார் வாயிலாவது தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று பட்டது.

நோரா வந்தார். டீ கொடுத்தேன். அந்தப் படத்தையே போட்டேன். கட்டில் காட்சிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு, பத்து விநாடி, செல்வி அழுதது, நான் பொய் சொன்னது. வசனத்தின் அர்த்தத்தையும் சொன்னேன்.

"போடுங்கள்" என்றார்.

போட்டேன். பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"யார் எழுதியது?"

"யாரும் எழுதலை. நான்தான்."

அவர் டீயைத் தொடவில்லை. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருமுனையில் ஆட்டோவில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறு நாள் பேச்சு இல்லை. பௌர்ணமி வந்தது, மலை சுற்றுகிற கூட்டம் வந்து போனது. கூட்டம் வந்தால் அவர் எங்கள் வீட்டில்தான் வந்து தங்குவார், அந்த முறை வரவில்லை. நான் செய்தது தப்பா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. நோராவைப் பொறுத்தவரை தப்பு. செல்வியிடம் அதைத் தப்பு என்று சொன்னால் அடிக்க வருவாள்.

பதினேழாவது நாள் செல்வி போன் செய்தாள். "அக்கா, அம்மா உங்கள வரச் சொல்றாங்க. அந்தப் படத்தையும் எடுத்துனு வரணுமாம்."

யார் பேசுகிறார்கள்?

நோரா மெலிந்திருந்தார். நலம் விசாரிக்கவில்லை. நான் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்களிடம் நான் பொய் சொன்னேன். நீங்கள் சொன்னதைவிடப் பெரிய பொய்."

அவருக்கு ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு ஒரு வரி வரும், அவ்வளவுதான் உறவு என்றும் தெரியும். காரணம் நான் கேட்டதில்லை. அன்று அவரே சொன்னார். மகளுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து படப்பிடிப்புக்கு ஊர் ஊராகப் போனாராம். தூங்கும்போதே கிளம்பிவிடுவாராம், அழுகையைப் பார்க்கச் சகிக்காது என்று. விருது வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாளாம்: "வீட்டில் செய்வதைத்தானே அம்மா செய்திருக்கிறாய். இதற்கு எதற்கு விருது?"

"எல்லோரும் அதை மௌனம் என்றார்கள், கலை என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். டைரக்டர் எழுதியதும் ஏறக்குறைய நீங்கள் சொன்னதுதான், ரஷீதா. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் இரண்டு நாள் சண்டை."

செல்வி கதவோரம் நின்றுகொண்டு, "என்னவாம்க்கா?" என்று கண்ணாலேயே கேட்டாள்.

அந்தக் காட்சியை மட்டும் வெட்டித் தரச் சொன்னார் நோரா. அப்படி வெட்டுவது எனக்குத் தெரியாது. செல்விக்குத் தெரிந்திருந்தது. அவளே போனில் வெட்டிக் கொடுத்தாள். நோரா அதை மகளுக்கு அனுப்பினார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

பதில் வராது என்றுதான் நினைத்தோம். செல்வி கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே போன் அதிர்ந்தது. நோரா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'இது யார் குரல்? என்ன சொல்கிறாள்?'

"நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார். "நீங்கள் சொன்னது உங்களுக்குத்தானே சரியாகத் தெரியும்."

போனை வாங்கினேன். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் ஓடியது. அப்புறம் அவர் மடியிலேயே வைத்துவிட்டேன். "நான் பேசினது என் பொண்ணுக்கு. உங்க பொண்ணுக்கு நீங்கதான் எழுதணும்."

முறைத்தார். பிறகு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். 'அந்தத் தாய், தப்பு தன் மேல்தான் என்கிறாள்' என்று எழுதினார். அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் அழித்தார். 'தப்பு என் மேல்தான்' என்று எழுதி, யோசிக்காமல் அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை. வாசல்வரை வந்தவர், நான் செருப்பு மாட்டும்போது கேட்டார். "உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?"

"அந்தப் படத்தை அவ பாத்திருக்கா."

"நான் கேட்டது அது இல்லை" என்றார் நோரா.

நஸ்ரின் சொன்னது

அன்று சாயங்காலம் நஸ்ரின் ஆபீஸிலிருந்து வந்தாள். கழற்றிய ஹெல்மெட்டை வைப்பதற்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"என்னமா? சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?"

"இல்லடி." கோடம்பாக்கத்தில் ஒரே டேக்கில் வந்தது, இங்கே வர மாட்டேன் என்றது. "சின்ன வயசுல உன்னைப் பெரியம்மா வீட்ல விட்டுட்டு, நீ தூங்கும்போது கிளம்பிப் போவேனே. அது அம்மா மேலதான் தப்பு."

அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டினாள்.

"அதான் படத்துல சொன்னியேமா."

"அது உனக்குத்தான்னு தெரியுமா?"

"தெரியாமயா? பெரிம்மா வீட்ல அந்தப் படம் போடும்போதெல்லாம் டிவிகிட்டயே போய் உக்காந்துப்பேன். நீ தேடாதன்னு சொல்லுவ. நான் சரிம்மான்னு சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டுப் போயிடுவ. ஒவ்வொரு வாட்டியும்."

அவள் குற்றம் சாட்டவில்லை. ஆபீஸில் நடந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. முகத்தை அவளிடம் காட்டப் பிடிக்காமல், டீ போடப் போகிறேன் என்று எழுந்தேன்.

"எங்க போற? உக்காருமா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தேன்.